கூடாரத்துக்கு அத்தை எடுத்த பாத்திரங்கள்

பேத்திக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கப் போன மாதம் பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். எல்லாம் எவர்சில்வர். அவள் ஒவ்வொன்றிலும் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். நான் ஒரு தூக்குச்சட்டியின் பிடியைப் பிடித்து, மாடு வாங்குகிறவன் கொம்பை ஆட்டுவதுபோல ஆட்டிப் பார்த்தேன். கடைக்காரப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். என் வயதுக்காரர்களே, நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். ஒரு வீடு வாழ்ந்த வாழ்வை அதன் பாத்திரங்களை வைத்துச் சொல்லத் தெரிந்த தலைமுறை நாம். அதனால் இதை உங்களுக்கென்றே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். அப்பா சர்க்கார் சர்வேயர். தை பிறந்தால் கூடாரங்களோடு மலைக்குப் போய், காட்டையும் ஓடையையும் சங்கிலி பிடித்து அளந்து, வெயில் முற்றிய பிறகுதான் திரும்புவார். அந்த வருஷம் அம்மா பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். முந்தின வருஷம் மலையில் கண்டவன் சமைத்ததைச் சாப்பிட்டு அப்பாவின் வயிறு கெட்டுப் போயிருந்தது. ஆகவே இம்முறை அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, கூட வந்து சமைப்பது என்று முடிவாயிற்று. என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. நானும் போனேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் புருஷன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டம் தோட்டமாக மாறி, லயத்து வீடுகளில் குடித்தனம் நடத்தி, கடைசியில் அவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு அத்தை ஊர் திரும்பியிருந்தாள். பிள்ளை இல்லை. அப்பாவின் அண்ணன் மனைவியான எங்கள் பெரியம்மா அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "கப்பலேறிப் போயி, உள்ளதையும் தொலச்சிட்டு வந்தவ" என்றுதான் தொடங்குவாள். அத்தை பதில் சொல்லமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூடக் கடைசி வரிசையில், தூண் ஓரமாக உட்காருவாள். எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்டுச் செய்ததில்லை. செய்யச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

மலைக்குப் போவது என்று ஆனதும், பெரியம்மா தன் வீட்டு வெண்கலப் பானையை எடுத்துக் கொடுத்தாள். நல்ல மனதோடுதான் கொடுத்தாள்.

"சர்க்கார் உத்தியோகஸ்தன் காட்டுல மண்சட்டில பொங்கித் தின்னான்னு பேரு வரக்கூடாது. இதக் கொண்டு போங்க."

அத்தை பானையைச் சுண்டிப் பார்த்தாள். கோயில் மணி போல ரீங்காரம் எழுந்தது. "நல்ல பானை மதினி. வீட்டுக்கு இது ராசாதான். வழிக்கு ஆவாது. பாறையில ஒரு தட்டு தட்டுனா வாயப் பொளந்துரும். இருக்கட்டும்."

பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பா நெளிந்தார். அத்தை யாரிடமும் ஒன்றை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அப்பா எங்களை வண்டி கட்டி, ஆற்றுப் பாலம் தாண்டி, திருநெல்வேலி ரதவீதிப் பாத்திரக் கடைக்கு அழைத்துப் போனார். அந்தக் கடையின் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது: புளி, செங்கல் தூள், புதுப் பித்தளை, பின்கட்டில் ஈயம் பூசுகிறவரின் நவச்சாரப் புகை. கடைக்கார அண்ணாச்சி தொந்தி குலுங்க எழுந்து வந்து, வரிசையாக எடுத்துப் பரப்பினார். அத்தை எதையும் அழகு பார்க்கவில்லை. பானைக்குள் கையை விட்டு அடியைத் தடவினாள். விளிம்பை நகத்தால் கீறினாள். பிறகு நல்ல கனமான பித்தளைப் பானை ஒன்றைத் தூக்கி, இடுப்பு உயரத்தில் இருந்து தரையில் விட்டாள்.

கடை முழுக்க ஒரு நிமிஷம் அதிர்ந்து அடங்கியது.

"ஐயையோ தாயி! என்ன செய்யுதிய? பாத்திரத்தப் போட்டு ஒடைக்கவா கடைக்கு வந்திய?"

"ஒடையலியே அண்ணாச்சி" என்றாள் அத்தை, குனிந்து பானையைத் திருப்பிப் பார்த்தபடி. "இங்கன விழுந்து நெளிஞ்சா உங்களுக்குத்தான் நட்டம். மலையில விழுந்து நெளிஞ்சா எங்க ஆளுவளுக்குச் சோறில்ல. இத எடுத்து வைங்க."

அப்பா தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரிப் பித்தளைப் பானைகளாகத் தேடி எடுத்தாள். ஒரு ஆள் தலையில் எல்லாம் ஒரே சுமையாகப் போகவேண்டும் என்பது அவள் கணக்கு. உள்ளே புது ஈயம் பூசச் சொல்லி, பூசுகிறவரின் பக்கத்திலேயே நின்றாள். குழம்புக்கு ஒரு இரும்புச் சட்டி. அதற்கு மூடி வேண்டாம் என்றாள், தட்டே மூடியாகிவிடும்.

நான் மட்டும் ஒரு மூலையில் வேறொன்றின் முன் நின்றிருந்தேன். வெள்ளையாக, பவுர்ணமி நிலா மாதிரி ஒரு தூக்குச்சட்டி. தூக்கினால் கையில் ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை.

"அது பட்டணத்துல இருந்து புதுசா வந்துருக்கு பாப்பா. அலுமினியம்னு பேரு" என்றார் அண்ணாச்சி. அந்தப் பேர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

அத்தை அதைக் கட்டை விரலால் அழுத்தினாள். "தகரம் மாதிரில்லா இருக்கு. புளி ஊத்துனா அரிச்சுப் போடும். வேண்டாம்."

நான் அதை விடவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. அத்தை என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், "அண்ணாச்சி, உங்க பெரிய படிக்கல்ல இதுக்குள்ள வச்சுத் தொங்க விடுங்க, பாப்போம். வழியில பாத்திரம் ஒடையுறது அடியில இல்ல, காதுலதான்" என்றாள். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு எடைக்கல்லை உள்ளே வைத்து, தூக்குச்சட்டியை விட்டத்துக் கொக்கியில் மாட்டினார். அது ஆடியது, ஆனால் காதைப் பிடித்திருந்த ஆணி அசையவில்லை. "சரி, தண்ணி காய்ச்ச, கஞ்சி வைக்க ஆவும்" என்று அரை மனதோடு சேர்த்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அத்தைக்கு அந்தச் சட்டியின்மேல் நம்பிக்கையே இல்லை. எனக்காகத்தான் வாங்கினாள்.

அம்பாசமுத்திரம் வரைக்கும் ரயில். அங்கிருந்து பாபநாசத்துக்கு மாட்டு வண்டி. பாபநாசத்தில் அருவிச் சாரல் பட்டதுமே காற்று மாறிப் போயிற்று. அதற்கு மேல் வண்டி போகாது. சுமைக்காரர்கள் கூடாரத் துணிகளையும், அரிசி மூட்டைகளையும், சங்கிலிகளையும் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். நாங்கள் பின்னால் நடந்தோம்.

எங்கள் முகாமின் தலைவர் பெரிய சர்வேயர். திருநெல்வேலி டவுனைச் சேர்ந்த சைவர். நெற்றி நிறையத் திருநீறு, அதிகம் பேசாத வாய். தனக்கென்று ஒரு தவசிப்பிள்ளையைக் கூட்டி வந்திருந்தார். சமையல்காரரை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம். தவசிப்பிள்ளையின் சாமான்கள் மட்டும் தனிச் சுமை. எல்லாம் வெண்கலம். அதை யாரும் தொடக்கூடாது என்று கூவிக்கொண்டே வந்தார். வழுக்குப் பாறை ஒன்றில் சுமைக்காரனுக்குக் கால் சறுக்கியது. பெரிய வெண்கலப் பானை உருண்டு, ஒரே ஒரு முறைதான் பாறையில் மோதியது. விரிசல் விட்டுவிட்டது. தவசிப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுவதுபோல அழுதார். சுமைக்காரன் அடி விழும் என்று நடுங்கி நின்றான். பெரிய சர்வேயர், "கால்ல அடிபட்டுதாலே?" என்று மட்டும் அவனிடம் கேட்டுவிட்டு மேலே நடந்தார்.

அத்தை பெரியம்மாவின் பானையை நினைத்திருப்பாள்.

முண்டந்துறைக்கு மேலே, சேர்வலாற்றங்கரையில் கூடாரம் போட்டோம். அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது விறகுப் புகையும் ஈரத் துணியும் கலந்த மணம். காலையில் ஆற்றின்மேல் பனிமூட்டம் எழும்பும். அத்தை மூன்று கல் கூட்டி, பித்தளைப் பானையின் வெளிப்புறம் முழுக்கச் சேற்றைப் பூசி அடுப்பில் ஏற்றுவாள். கழுவும்போது கரி சேற்றோடு உரிந்து வந்துவிடும். இலங்கையில் பழகிய வேலை அது. கருங்குரங்குகள் மரத்தில் இருந்து எங்களையே பார்த்திருக்கும். ஒரு நாள் ஒரு குரங்கு எங்கள் அகப்பையைத் தூக்கிக்கொண்டு உச்சிக் கிளைக்குப் போய், மணிக்கணக்காக அதை நக்கிக்கொண்டிருந்தது. அளவுச் சங்கிலி பிடிக்கிற சங்கிலிக்காரர்கள் கவண் எடுத்து ஓடினார்கள். "விடுங்க, அது நக்குன அகப்பைய இனி யாரு பொழங்குவா" என்று அத்தை சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

பெரிய சர்வேயர் மட்டும் ஒரு படுதாவைக் கட்டி, அதன் பின்னால் தனியாகச் சாப்பிடுவார். எங்கள் அடுப்பில் கருவாடு மணக்கும்போது தவசிப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு படுதாவை இன்னும் இறுக்கிக் கட்டுவார். ஐயா உள்ளே தித்திப்பாக ஏதோ ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று நான் நினைத்தேன். பெரியவர்கள் அவரைக் கர்வக்காரர் என்று நினைத்தார்கள். "மனுசன் மொகத்தப் பாத்துச் சோறு திங்க மாட்டாரு" என்று சுமைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தை எதிரே வந்தாலும் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு விலகிப் போவார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

தை மாதத்தில் மலையில் அப்படி மழை பெய்யாது என்று எல்லாரும் சொன்னார்கள். பெய்தது.

அன்று காலை அப்பா, பெரிய சர்வேயர், சங்கிலிக்காரர்கள், சுமைக்காரர்கள் எல்லாரும் ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டை அளக்கப் போயிருந்தார்கள். முழங்கால் தண்ணீர்தான். மதியத்துக்குக் கட்டுச்சோறு மட்டும் எடுத்துப் போனார்கள். அப்பாவுக்கு முந்தின நாளே உடம்பு லேசாகச் சுட்டது; அத்தை தடுத்தும் கேட்கவில்லை. தவசிப்பிள்ளை சாமான் வாங்கப் பாபநாசம் இறங்கியிருந்தார். முகாமில் இருந்தது நான், அத்தை, காவலுக்கு நின்ற ஒரு கிழச் சங்கிலிக்காரர், அவ்வளவுதான்.

மதியம் மேற்கே மலை கறுத்தது. மழை பிடித்த சற்று நேரத்தில் ஆறு செம்மண் நிறமாகி, மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. அக்கரைக்காரர்கள் ஓடி வந்து கரையில் நிற்பது தெரிந்தது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஆற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அங்கே குடைபோல நீண்ட ஒரு பாறை இருந்தது. அதன் அடியில் ஒதுங்கினார்கள். அப்பாவை இருவர் தாங்கிக் கூட்டிப்போவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் விடிந்தும் மழை நிற்கவில்லை. அக்கரையில் புகை இல்லை. நெருப்பும் இல்லை, அரிசியும் இல்லை என்று அர்த்தம். அத்தை ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கிழவரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, மேல ரெண்டு பாறைக்கு நடுவுல ஆறு ஒடுங்கிப் போவுதே, அங்கன இருந்து கவண்ல கல்லு எறிஞ்சா அக்கரையில விழுமா?"

"விழும் தாயி. எதுக்கு?"

"கல்லுல நூலக் கட்டி எறிங்க. நூலுக்குப் பின்னால கயிறு போவட்டும்."

கிழவர் எறிந்த முதல் கற்கள் ஆற்றில் விழுந்தன. பிறகு ஒன்று அக்கரைப் புதரில் போய் விழுந்தது. அங்கிருந்தவர்கள் புரிந்துகொண்டு நூலை இழுத்து, கூடாரக் கயிற்றை இழுத்து, மரத்தில் கட்டினார்கள். எங்கள் பக்கம் மேடு. அவர்கள் பக்கம் பள்ளம். அத்தை பெரிய பித்தளைப் பானை நிறையச் சோறு பொங்கி, வாயைத் துணியால் கட்டி, கயிற்றில் ஒரு வளையம் போட்டு விட்டாள். பானை பாதி வழி நன்றாகப் போயிற்று. நடுவில் அதன் பாரத்தில் கயிறு தாழ்ந்தது. தாழ்ந்து, தண்ணீரைத் தொட்டது. தொட்ட நொடியில் ஆறு அதைப் பறித்துக்கொண்டது. ரதவீதிக் கடையில் தரையில் விழுந்தும் நெளியாத பானை, ஒரு முறை மஞ்சளாக மின்னி மறைந்துபோயிற்று.

அத்தை பாறையில் உட்கார்ந்துவிட்டாள். இருந்த அரிசியில் பெரும் பங்கு அதில் போய்விட்டது. "தப்புப் பண்ணிட்டேனே, தப்புப் பண்ணிட்டேனே" என்று முணுமுணுத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்து, "அத்த, வெள்ளச் சட்டி இருக்குல்லா" என்றேன். நான் பெரிய யோசனையாகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்த சட்டி, அதனால் சொன்னேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து ஓடினாள்.

நொய்யைக் காய்ச்சி, உப்பும் சீரகமும் போட்டு, தூக்குச்சட்டியில் முக்கால் பாகம் ஊற்றி, மூடியை நாரால் இறுக்கிக் கட்டி, திருப்பி இழுக்கக் காதில் ஒரு நூலையும் முடிந்தாள். கயிற்றில் மாட்டும்முன் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தாள். விட்டாள். வெள்ளைச் சட்டி ஆற்றின் மேலே குருவி மாதிரிப் போயிற்று. கயிறு தாழ்ந்தது, ஆனால் தண்ணீரைத் தொடவில்லை. அக்கரையில் ஒரு கை அதைப் பிடித்தபோது, கிழவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்.

கொஞ்ச நேரத்தில் சட்டியை நூலால் இழுத்து வாங்கினோம். அத்தை திறந்தாள். உள்ளே கரியோ பருக்கையோ இல்லாமல் மணலால் தேய்த்துக் கழுவி, பளபளவென்று இருந்தது. அடியில் கைப்பிடியளவு காட்டு நெல்லிக்காய் கிடந்தது. யாரோ என்னை நினைத்துப் போட்டது. மழை வெறித்து ஆறு வடியும்வரை அந்தச் சட்டி போவதும் வருவதுமாக இருந்தது.

அப்பா கரையேறி வந்தபோது காய்ச்சலில் மெலிந்து குச்சிபோல நின்றார், ஆனால் நின்றார். அவர்தான் பிறகு எங்களுக்குச் சொன்னார். முதல் சட்டி வந்ததும் பெரிய சர்வேயர் தன் கையாலேயே தேக்கு இலையில் பிடித்து அப்பாவுக்குத்தான் முதலில் ஊற்றினாராம். பிறகு சுமைக்காரர்கள், பிறகு சங்கிலிக்காரர்கள். தான் குடிக்கவில்லை. வேதக்காரி, அதாவது கிறிஸ்தவப் பெண், காய்ச்சிய கஞ்சி அவருக்கு ஆகாது என்று எல்லாரும் விளங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்களாம். அடுத்த நாள் கஞ்சி கூடுதலாக வந்தபோதுதான் அவரும் குடித்தார். சட்டியைக் கழுவியதும் அவர்தானாம். அவர் குனிந்து மணலால் தேய்ப்பதைப் பார்த்துச் சுமைக்காரர்கள் பதறிப் போனார்களாம்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா பிழைத்தார்; நாங்கள் ஊர் திரும்பியபோது எனக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். பெரியம்மா ஆற்றில் பானை போன கதையைத் தெருவெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அதில் அத்தை வளர்ந்துகொண்டே போனாள். அதற்கப்புறம் சொரிமுத்தையன் கோயிலுக்குப் போகிறவர்களும், திருச்செந்தூருக்கு நடக்கிறவர்களும், வண்டி கட்டிக் குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்குப் போகிறவர்களும், வேதக்காரர் இந்து என்று பாராமல் அத்தையைக் கடைக்குக் கூப்பிடுவார்கள். ரதவீதி அண்ணாச்சி அவளைக் கண்டதும் தரையில் சாக்கை விரித்துவிடுவார். "போடுங்க தாயி, போட்டுப் பாருங்க!" வெள்ளைத் தூக்குச்சட்டி தம்பி வீட்டில் வெகுநாள் இருந்தது. அப்புறம் எங்கே போயிற்றோ தெரியாது. அத்தை தன் கட்டிலில், நாங்கள் எல்லாரும் சுற்றி நிற்க, நிறைவாகப் போனாள். என் அப்பாவை எனக்கு இன்னும் வெகுகாலம் வைத்துக் கொடுத்தவள் அவள். இன்றும் சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்லும்போது அவள் நினைவு வராமல் இருக்காது.

ஆனால் நான் சொல்ல வந்தது, முகாமைப் பிரிக்கிறதற்கு முந்தின ஒரு காலைப்பொழுதை.

தவசிப்பிள்ளை பாபநாசத்தில் இருந்து வந்து சேர்ந்து, நடந்ததையெல்லாம் கேட்டிருந்தார். நல்ல வெயில். பெரிய சர்வேயருக்குப் படுதாவுக்குப் பின்னால் இலை போட்டாகிவிட்டது. தவசிப்பிள்ளை அவரிடம் சமாதானமாகச் சொல்வது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"ஆபத்துக்குப் பாவமில்லைங்கய்யா. ஊருக்குப் போயி ஆத்துல ஒரு முழுக்குப் போட்டா சரியாப் போவும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பெரிய சர்வேயர் எழுந்தார். படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நேராக எங்கள் அடுப்பை நோக்கி நடந்து வந்தார். அத்தை பதறி எழுந்தாள். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"கஞ்சி இருக்கா, தங்கச்சி?"

அத்தை தலையை ஆட்டினாள். அவர் எங்கள் சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பின்னாலேயே ஓடி வந்த தவசிப்பிள்ளை கையைப் பிசைந்தார். "ஐயா, அங்கன சோறு ஆறுது..."

"இன்னைக்கி எனக்கு ஒரு ஆபத்தும் இல்ல வே" என்றார் பெரிய சர்வேயர், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "வெயிலடிக்கி. ஆறு வடிஞ்சாச்சு. எஞ்சோறு அங்க தயாரா இருக்கு. இருந்தும் இங்கதான் குடிக்கப் போறேன். அன்னைக்கு நான் மொதல்ல குடிக்காதது சாதிக்காகன்னு எல்லாரும் நெனச்சிய. கஞ்சி எல்லாருக்கும் காணாது வே. அதுக்குத்தான்."

கிழச் சங்கிலிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தை புதுசாக ஒரு தேக்கிலை பறித்து வந்தாள். கருவாட்டுச் சட்டியைத் தூரத் தள்ளி வைத்தாள். நெல்லிக்காய்த் துவையல் ஓர் ஓரத்தில் வைத்தாள். கஞ்சி ஊற்றும்போது இலை நிரம்பி வழிந்து, அவர் வேட்டியில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்காதவர்போல இலையோடு தூக்கி உதட்டில் வைத்தார். ஆவி பறந்தது.

மலைக்கு வந்தது முதல் பெரிய சர்வேயரிடம் ஒரு வார்த்தை பேசியறியாத என் அத்தை, அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பையக் குடிங்க அண்ணாச்சி," என்றாள். "சுடும்."